சுவருக்குள் ஒரு மோட்டார்

அத்தியாயம் 9

மோட்டாரைப் பிரித்துப் போட்டாயிற்று. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

போன வாரம் மோட்டாரம்மாவை இந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, வீட்டுத் தண்ணீர் மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தாள். மின்சார ஒயர் ஒரு பக்கம் கிடந்தது, பேரிங் இன்னொரு பக்கம் கிடந்தது. ஓடுவதற்கு அந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

படுக்கையறைக்குப் போய், நீளமான திருப்புளியின் முனையைச் சுவரில் வைத்தாள். கைப்பிடியைக் காதோடு ஒட்டினாள்.

ம்ம்ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இருபது வருடமாக நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவள் அவள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். எந்த மோட்டார் எப்படி முனகும் என்று காது வைத்துச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டுச் சுவருக்குள் பத்து நாளாக என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரவு வேலை முடிந்து வந்து பகலில் படுத்தால், தெருவே உச்சி வெயிலில் அடங்கிக் கிடக்கும்போது, தலைமாட்டுச் சுவர் மெல்ல முனக ஆரம்பித்துவிடும்.

"உன் காதுக்குள்ளதான் மோட்டார் ஓடுது. அதைக் கழட்டிப் பாரு," என்று கூடத்திலிருந்து கிண்டலடித்தார் அவள் கணவர்.

அவருக்குக் கேட்க வழியில்லை. நான்கு மாதமாக அவர் கட்டிலில் படுப்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டும். கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். இதயம் மூன்றில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை என்று தெரிந்த அன்று சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய அப்பாவும் நாற்பத்தெட்டு வயதில் மாடிப்படியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போனவர்தான்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் இருந்தது அவருடைய அக்கா. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, பத்து நாளுக்கு முன்னால் ஒரு பெட்டியும், குறுக்கே மாட்டிய தோள் பையுமாக வந்து வாசலில் நின்றவள். வேலை பார்த்த காலமெல்லாம் நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லியே வயிறு வளர்த்தவள். அவளால் ஒரு சத்தம் வருமென்று யாருக்குத்தான் தோன்றும்?

*

காலை ஆறு மணிக்கு நீரேற்று நிலையத்தில் ஷிப்ட் மாறும் நேரம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. போகிறவரும் வருகிறவரும் ஆறு பம்புகளுக்கும் நடுவில் ஒரு நிமிடம் சேர்ந்து நிற்பார்கள். பேச்சு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். இரண்டு பேரும் தலையாட்டினால்தான் வேலை கைமாறும். எழுதி வைப்பதெல்லாம் அப்புறம்தான். சத்தம் மாறியிருந்தால் அதை வாயைத் திறந்து சொல்லாமல் ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது.

எப்போதோ ஒருத்தர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சொல்லாமல் போனார். அடுத்து வந்தவருக்கு வலது கையில் இப்போது மூன்று விரல்தான். அன்றிலிருந்து யாரும் அவசரப்படுவதில்லை.

"மூணாவது லேசா உரசுதோ?" என்றார் வந்தவர்.

"உரசல. தண்ணி மட்டம் எறங்கியிருக்கு, அதான் இழுக்குது," என்றாள் மோட்டாரம்மா.

இன்னொரு முறை கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "இன்னிக்குத்தானே ஆஸ்பத்திரி? உங்க வீட்டு டிரைவர் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்க வைக்கணும்," என்றவள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் தயாராக நின்றாள். அதே தொளதொளத்த முழுக்கைச் சட்டை, அதே பை. சாப்பிடும்போதும் கழற்றாத பை. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, முக்கியமான காகிதங்கள் என்று சொல்லியிருந்தாள். இந்தக் காலத்தில் காகிதத்தை யார் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று மோட்டாரம்மா மனதுக்குள் சிரித்ததோடு சரி.

"நானும் வரேன்," என்றாள் நாத்தனார்.

"எதுக்கு? எப்ப சாவேன்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லவா?" என்றார் டிரைவர்.

மூன்று வருடத்துக்கு முந்தைய சண்டை இன்னும் ஆறவில்லை. அப்பாவுக்கு இருந்தது நமக்கும் வரலாம், போய் நெஞ்சைக் காட்டிக்கொண்டு வா என்று அன்றைக்கு அக்கா சொன்னாள். வாயில் நல்ல வார்த்தையே வராதா, சாபம் போடுகிறாயா என்று தம்பி குதித்தார். அன்று மாலையே அவள் பெட்டியோடு வெளியேறினாள். அவள் சொன்னது பலித்ததற்கும் சேர்த்துத்தான் அவருக்கு இப்போது கோபம்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, தளர்ந்த இதயத்துக்குத் துணையாக வைக்கும் மூன்று பம்புகளை மேஜையில் வரிசையாக வைத்தார். மோட்டாரம்மாவுக்கு அது வேறு யாருடைய வேலையாகவும் தோன்றவில்லை. தன் வேலை மேஜைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

"இது முதல் வகை. காத்தை அடிச்சு அடிச்சு ரத்தத்தைத் தள்ளும். டப், டப்னு இதயம் மாதிரியே துடிக்கும். ஆனா பம்ப் உடம்புக்கு வெளிய இருக்கும், பக்கத்துல பெரிய மெஷின் ஒண்ணு ஓடணும். ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போக முடியாது. கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கத்தான் இது."

டிரைவர் அதை ஆசையோடு கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது ரெண்டாவது. உள்ளேயே வைக்கிறது. பாருங்க, விரல் நீளம்தான். நடுவுல ஒரு திருகு சுத்தும். நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுத்து. ரத்தம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும்."

"திருகைத் தாங்குறது எது?" என்றாள் மோட்டாரம்மா.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இதுவரை எந்த மனைவியும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"ரெண்டு முனையிலயும் ரெண்டு குட்டி பேரிங்."

"பேரிங்னா தேயும். சூடாகும். அழுக்குப் பிடிக்கும்."

"தேயறது ரொம்பக் குறைவு. ஆனா அந்த இடத்துல ரத்தம் உறையலாம். அப்படி உறைஞ்சா பம்ப் திணறும், கரண்ட் அதிகமா இழுக்கும், சத்தம் மாறும். அதனால இப்ப இதைப் புதுசா யாருக்கும் வைக்கறதில்ல. முன்னால வச்சவங்க நிறைய பேர் நல்லாவே இருக்காங்க." மூன்றாவதை முன்னால் தள்ளினார். "இதுதான் இப்ப வைக்கிறது. உருண்டையா இருக்கு பாருங்க. உள்ள சுத்துற சக்கரம் எதையுமே தொடாது. காந்தத்துல மிதக்குது."

மோட்டாரம்மா அதை உள்ளங்கையில் வாங்கினாள். சக்கரத்தை விரல் நுனியால் சுற்றிப் பார்த்தாள். "தாங்க எதுவுமே இல்லாம ஓடுற பம்பை இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றாள். பொறாமை மாதிரிகூட ஏதோ ஒன்று அவள் குரலில் இருந்தது.

"இதுலயும் ஆபத்து இருக்கு. மறைக்க மாட்டேன். ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திரை போட்டா, அதனாலயே ரத்தக்கசிவு வரலாம். பக்கவாதம் வரலாம். வயித்து வழியா ஒரு ஒயர் வெளிய வரும், அந்த இடத்துல சீழ் வைக்காமப் பாத்துக்கணும். தண்ணியில முங்கிக் குளிக்கக் கூடாது. பேட்டரி எப்பவும் கூடவே இருக்கணும். ஆனா நாலு படி ஏறலாம். படுத்துத் தூங்கலாம்."

படுத்துத் தூங்கலாம் என்றதும் டிரைவரின் முகம் ஒரு கணம் இளகியது. அப்புறம் அவர் கேட்டார்: "நாடி?"

"கையால பிடிச்சுப் பாத்தா பெரும்பாலும் தெரியாது. இந்தப் பம்ப் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனா அது விரலுக்குக் கிடைக்காது."

"அப்ப செத்தவன் கையும் என் கையும் ஒண்ணு."

"என்னங்க..."

"நீ சும்மா இரு. டாக்டரம்மா, எனக்கு டப் டப்னு அடிக்கிறதை வைங்க. இல்லன்னா ஒண்ணும் வேணாம். பொணமா உலாத்துறதுக்கு நான் ஆள் இல்ல."

டாக்டரம்மாவுக்கு இது பழக்கமான பேச்சாக இருக்க வேண்டும். கோபப்படவில்லை. "மிதக்குற வகை எங்ககிட்ட இப்ப ஒண்ணுதான் இருக்கு. அடுத்தது வர ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு ஒரு மாசம் தள்ளினாலே என்னால உறுதி சொல்ல முடியாது. இன்னிக்கு நாலு மணிக்குள்ள சொல்லுங்க. வேண்டாம்னா அந்தப் பம்பை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம், அங்கயும் ஆள் காத்துக்கிட்டிருக்காங்க. பயம் போகறதுக்கு வேணும்னா சத்தம் எப்படி இருக்கும்னு கேளுங்க."

போனில் எதையோ தட்டி மேஜையில் வைத்தார். "இது ரெண்டாவது வகை. அது கொஞ்சம் சத்தமாவே கேக்கும்."

ம்ம்ம்ம்ம்.

மோட்டாரம்மாவுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. சந்தேகமே இல்லை, அவள் வீட்டுச் சுவர்தான் அந்த அறைக்குள் முனகிக்கொண்டிருந்தது. அதே சுருதி, அதே ஓட்டம். இது கொஞ்சம் மழமழவென்று இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதை யோசிக்க அப்போது அவளுக்கு நேரமில்லை.

மெதுவாகத் திரும்பினாள்.

கதவோரத்து நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. போனிலிருந்து வந்த சத்தத்தைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மோட்டாரம்மா பார்ப்பது தெரிந்ததும், நூலகத்துப் பழக்கத்தில் ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

*

பெண்கள் கழிவறையில் கைகழுவும் இடத்தில் வேறு யாரும் இல்லை.

மோட்டாரம்மா கேட்டுக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. நாத்தனாரின் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். முன்னங்கையில், டாக்டரம்மா சொன்ன மாத்திரையின் வேலையாக, ரத்தம் கட்டிய நீலம். கை கதகதப்பாக இருந்தது. சோப்பு வாசனை வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். தன் விரல் துடிப்பதுதான் தனக்குத் தெரிந்தது. கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை.

உயிரோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷியின் கழுத்து அப்படி இருந்தது. மோட்டாரம்மா பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள்.

"தேடாத. கெடைக்காது," என்றாள் நாத்தனார். "நர்ஸுங்களே ஒரு கருவி வச்சுத்தான் பாப்பாங்க."

"பதினோரு நாளா என் தலைமாட்டுல ஓடினது நீங்களா அண்ணி?"

"நான்தான். நேத்து நீ மோட்டாரைப் பிரிச்சுப் போட்டியே, அப்பவே சொல்லிரலாம்னு வந்தேன். திருப்புளியும் கையுமா நீ உக்காந்திருந்த கோலத்தைப் பாத்து பயந்து போயிட்டேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது மோட்டாரம்மாவுக்கு. "எப்பலேர்ந்து?"

"வீட்டை விட்டுப் போனேன்ல, அடுத்த மாசம். அவனுக்கு வரும்னு சொன்னப்பவே எனக்கு வந்திருச்சு. அதைச் சொல்ல வந்தவதான். அவன் சாபம்னு சொன்னான். அதுக்கு மேல எங்க சொல்றது? உன் வாய் உனக்கே பலிச்சிருச்சு பாத்தியான்னு சொல்லிருவானோன்னு ஒரு வீம்பு. முட்டாள்தனம்தான், எனக்கே தெரியும்."

"தனியாவா ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க?"

"கூட வேலை பாத்தவ ஒருத்தி வந்து கையெழுத்துப் போட்டா."

மூன்று வருடம். இந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவாரே, அதையெல்லாம் நினைத்தபோது மோட்டாரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. தானும்தானே ஒரு போன் போடவில்லை.

"அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி. நாலு மணிக்குள்ள சொல்லுங்க. நீங்க ஒருத்தர் எதிர்ல நின்னா போதும், டாக்டர் பத்து தடவை சொல்றதுக்குச் சமம்."

நாத்தனார் கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். "சொல்றேன். ஆனா வந்தது அதுக்கு மட்டும் இல்லம்மா," என்றாள். என்ன என்று கேட்பதற்குள் யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று.

டிரைவர் சாய்வு நாற்காலியில் போய் விழுந்தார். பத்தடி நடந்ததற்கே உதடு நீலம் பூத்திருந்தது. ஜன்னலை மூடச் சொன்னார். தெருவில் ஒரு வண்டி இல்லை, ஒரு குரல் இல்லை. அந்த அமைதியில் மோட்டாரம்மாவுக்கு இப்போது திருப்புளி தேவைப்படவில்லை. கூடத்து நடுவில் நின்றபடியே கேட்டது.

"அக்கா எதுக்கு எதிர்ல வந்து நிக்குற? போய்ப் படு," என்றார் டிரைவர்.

நாத்தனார் தோள் பையைக் கழற்றினாள். பதினோரு நாளில் முதல் தடவை. கழற்றி அவர் காலடியில் தரையில் வைத்தாள். பையிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, சட்டைக்குள் ஏறிப் போயிருந்தது.

டிரைவர் ஒயரைப் பார்த்தார். அது போன வழியே மேலே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பை கூவியது. பீப். பீப். பீப்.

"பேட்டரி," என்றாள் நாத்தனார் சாதாரணமாக. "என் பெட்டியில இடது பக்கம் ரெண்டு இருக்கும், எடுத்துட்டு வாம்மா. நீயே மாத்து. நாளைக்கு இவனுக்கு மாத்தப்போறவ நீதானே."

மோட்டாரம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்து மண்டியிட்டாள்.

"ஒண்ணைக் கழட்டிட்டு ஒண்ணை மாட்டு. ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டினா நான் இல்ல."

இருபது வருடமாக ஆயிரம் குதிரைசக்தி மோட்டாரை நிறுத்தி ஓட்டிய கை. அன்று ஒரு சின்ன பேட்டரியை இறுக்கிப் பிடித்தது. முதல் பேட்டரியைக் கழற்றியதும் கூவல் இன்னும் பெரிதானது. புதியதன் முனை சரியாகப் பொருந்தவில்லை. திருப்பிப் பிடித்தாள். கிளிக். இரண்டாவதும் கிளிக். கூவல் நின்றது.

மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

"எங்க, கையைக் குடு," என்றார் டிரைவர். அக்காவின் மணிக்கட்டைத் தன் பெரிய விரல்களால் வளைத்துப் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சொல்லப்போனால் அந்த வீட்டிலேயே பயந்தவர் அவர்தான், அக்கா இல்லை.

"ஒண்ணுமே இல்லையே அக்கா," என்றார் கடைசியில்.

"இல்லடா."

"சாப்பிடுற. நடக்குற. என்கூடச் சண்டை போடுற."

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா செத்துக் கெடந்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு, அது எவ்வளவு பெரிய தப்பு!" என்று சிரித்தவர், சிரித்து முடிப்பதற்குள் அக்காவின் கையில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது மனைவி பார்த்ததில்லை. மோட்டாரம்மா பழைய பேட்டரிகளைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவர் போனை எடுத்தார். மணி மூன்று முப்பத்தைந்து. "சரி. அக்காவுக்கு ஓடுதுன்னா எனக்கும் ஓடட்டும். மிதக்குறதையே வைக்கச் சொல்றேன். வீட்டுல ரெண்டு பொணம் உலாத்தினா உனக்கும் துணையா இருக்கும்ல?" என்று மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

நான்கு மாதமாக மோட்டாரம்மா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தவம் கிடந்தாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"போன் போடறதுக்கு முன்னால ஒரு நிமிஷம்," என்றாள் நாத்தனார். மோட்டாரம்மாவின் பக்கம் திரும்பினாள். "இப்ப நீ கேளு."

"எதை அண்ணி?"

"என்னை. அதுக்குத்தான் வந்தேன். வைத்தியம் பாத்த ஊர்ல, கருவி எல்லாம் சரியா காட்டுது, உங்களுக்கு வீண் பயம்னு அனுப்பிட்டாங்க. எனக்கு மட்டும் உள்ள ஏதோ மாறின மாதிரி இருக்கு. என் காதை நான் நம்பறதா, அவங்களை நம்பறதா? நீ பம்ப் பாக்குறவ. ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம் பதினோரு நாள் படுத்திருந்த. நீ சொன்னா நம்புறேன்."

மோட்டாரம்மா திருப்புளியை எடுக்கப் போய், மோட்டார் என்றாலே உள்ளே காந்தம் இருக்கும், இரும்பு கிட்டே போகக் கூடாது என்று தோன்றிக் கீழே வைத்தாள். சமையலறையிலிருந்து நீளமான மரக்கரண்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். கரண்டியின் வாயை நாத்தனாரின் சட்டை மேல், விலா எலும்புக்குக் கீழே வைத்தாள். காம்பைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

முதல் நாள் சுவரில் கேட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது வழுக்கிக்கொண்டு ஓடிய சத்தம். காலையில் டாக்டரின் போனில் ஓடியதும் அப்படித்தான் மழமழவென்று ஓடியது.

இது அப்படி ஓடவில்லை. அடியில் ஒரு அரவை இருந்தது. மணலைப் போட்டு மெல்லுகிற மாதிரி, விட்டு விட்டு வந்தது. பம்ப் தம் கட்டி இழுத்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இது சுவர் வழியே கேட்கும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். அவள்தான் வீட்டு மோட்டார் மேல் பழியைப் போட்டுவிட்டு, பேரிங்கைத் தேடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணைத் திறந்தாள். இந்தப் பக்கம் நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் டிரைவர், போனில் டாக்டரின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு மாதத்தில் முதன்முறையாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சொன்னால் அவர் போனைக் கீழே வைத்துவிடுவார். சொல்லாவிட்டால் இவள்.

இருபது வருடத்தில் முதல் தடவையாக, மாறிய சத்தத்தைக் கேட்டும் மோட்டாரம்மாவுக்கு வாய் திறக்கவில்லை.

"என்ன, முழி சரியில்லையே," என்றார் டிரைவர். "குடு இப்படி."

"வேணாங்க..."

"குடுங்கறேன்ல. நானும் இருபத்தாறு வருஷம் இன்ஜின் மேலதான் உக்காந்திருந்தேன்."

நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து மரக்கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அக்காவின் விலாவில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஒரு நிமிடம் அந்த வீட்டில் யாரும் அசையவில்லை. முனகல் மட்டும் ஓடியது.

டிரைவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பேரிங் அரைக்குது," என்றார்.

மோட்டாரம்மா தலையாட்டினாள்.

நாத்தனார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் பயத்தைக் காணோம். தன் காது கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதிதான் தெரிந்தது. "தேங்க்ஸ்டா," என்றாள். "அது என் பாடு. நீ டாக்டருக்குப் போட்டுச் சரின்னு சொல்லு. நாலு ஆகப்போகுது."

டிரைவர் போனைக் காதில் வைத்தார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"டாக்டரம்மா, காலையில சண்டை போட்ட டிரைவர் பேசறேன். அந்த மிதக்குற பம்ப் ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னீங்களே, அதை எங்கயும் அனுப்பிறாதீங்க. எங்க வீட்டுக்குத்தான் வேணும். ஆமா, உறுதியாத்தான் சொல்றேன்." கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "இல்ல இல்ல. இப்பவே கெளம்பி வரோம். மூணு பேரும் வரோம். பேரை மட்டும் இப்ப எழுதாதீங்க."

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. தரையிலிருந்த பையை வெடுக்கென்று எடுத்துத் தோளில் மாட்டினாள். பெட்டியைக்கூட எடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த அதே நடை. நேரே வாசலை நோக்கி நடந்தாள்.

மோட்டாரம்மா முந்திக்கொண்டு போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"வழி விடு. என்னால அவன் சாகக் கூடாது."

"விட மாட்டேன் அண்ணி. சத்தம் மாறியிருக்கு. வேலை இன்னும் கைமாறல. யாரும் வாசலைத் தாண்டக் கூடாது."

நாத்தனார் இரண்டு கையாலும் அவளைத் தள்ளப் பார்த்தாள். நெஞ்சோடு நெஞ்சு மோதியது. அந்த அரவை இப்போது கரண்டியும் இல்லாமல், சுவரும் இல்லாமல், நேராக மோட்டாரம்மாவின் எலும்புக்குள் இறங்கியது. ஒரு கணம் அது நின்றது. பிறகு மறுபடி ஓடியது.